மதுச்சாலைக் கதையும் சான்றும்: ஆங்கிலச் சிற்றூர் மரபு பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

பழமையுடைய ஊர் எதனை எடுத்துக்கொண்டாலும், எழுதிவைக்கப்பட்ட வரலாறு ஒருபுறமும் ஊரார் வாய்வழி வழங்கும் கதை மற்றொருபுறமும் இருத்தலைக் காணலாம். இவ்விரண்டும் ஒத்துச் செல்லும் இடங்கள் சில. மாறுபடும் இடங்கள் பல. மாறுபடுமிடத்து ஆராய்ச்சியாளர் கதையைத் தள்ளி வரலாற்றைக் கொள்வர். அது வரலாற்றாசிரியர்க்குத் தகும். இலக்கியம் பயில்வார்க்கும் அதுவே போதுமா என்பது இக்கட்டுரை எழுப்பும் வினா ஆகும்.

இவ்வினாவை ஆராய்தற்கு இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களின் பழைய மதுச்சாலைகளைப் பற்றி வழங்கும் கதைகளைக் களமாகக் கொள்கிறோம். அக்கதைகளை நாவலாசிரியர் இருவர் தம் நூல்களில் எடுத்தாண்ட முறை நமக்குத் துணைசெய்யும். சார்லஸ் டிக்கன்ஸ் 1841 இல் வெளியிட்ட 'பார்னபி ரட்ஜ்' ஒன்று. ஜார்ஜ் எலியட் 1861 இல் வெளியிட்ட 'சைலஸ் மார்னர்' மற்றொன்று. இவ்விரு நூல்களிலும் வரும் மதுச்சாலைக் காட்சிகளை நகைச்சுவைக்காகச் சேர்த்த அணிகலன்கள் என்று கொள்வார் உளர். இக்கட்டுரையாளனும் பல ஆண்டுகள் அவ்வாறே கருதி மாணவர்க்குப் பாடம் சொல்லியதுண்டு. அக்கருத்துப் பொருந்தாது என்பதையும், கதைக்குச் சான்று யாது என்னும் அடிப்படை வினாவையே அக்காட்சிகள் ஆராய்கின்றன என்பதையும் ஈண்டு நிறுவ முயல்வோம்.

2. சொல்லும் பொருளும்

'பப்' என்று இன்று எங்கும் வழங்கும் சொல் 'பப்ளிக் ஹவுஸ்' என்னும் தொடரின் குறுக்கமாகும். பொதுவில்லம் என்பது அதன் நேர்ப்பொருள். இதனைக் கள்ளுக்கடை என்றோ சாராயக்கடை என்றோ பெயர்த்தால் பொருள் சிதையும். அச்சொற்கள் நம் செவிக்குத் தரும் இழிவுப்பொருள் அங்கு இல்லை. அங்கு நிகழும் செயல்களுள் குடித்தலும் ஒன்று. பேசுதலும் ஆடுதலும் பாடுதலும் வழக்காடுதலும் அதனோடு ஒத்த நிலையின. மாஸ் அப்சர்வேஷன் என்னும் ஆய்வுக் குழுவினர் போல்ட்டன் என்னும் தொழில் நகரத்து மதுச்சாலைகளில் இருந்து நோக்கிக் குறிப்பெடுத்து 1943 இல் வெளியிட்ட 'தி பப் அண்ட் தி பீப்பிள்' என்னும் நூல், நகரத்து மதுச்சாலையைப் பற்றியதாயினும், இவ்வுண்மையை விளக்கும். வழிப்போக்கர்க்குத் தங்குமிடமும் தந்த மனையை 'இன்' என்பர். அதனை விடுதி என்றும், ஏனையவற்றை மதுச்சாலை என்றும் ஈண்டுக் குறிப்போம்.

மதுச்சாலை நடத்துவோர் நீதி நடுவரிடம் உரிமம் பெறல் வேண்டும் என்று 1552 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1830 ஆம் ஆண்டுச் சட்டமோ, வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டணத்திற்கு பீர் விற்கும் உரிமம் பெறலாம் என்று தளர்த்தியது. சட்டத்தின் கண் தம்மேல் உள்ளது என்னும் உணர்வு மதுச்சாலைக்காரரிடம் நெடுங்காலம் இருந்து வந்தது. இக்குறிப்பு 'சைலஸ் மார்னர்' காட்சியை விளக்குதற்குப் பின்னர்ப் பயன்படும்.

மதுச்சாலையின் பெயர்ப்பலகையே பல இடங்களில் ஒரு கதையின் சுருக்கமாக அமைதல் காண்க. 'ராயல் ஓக்' என்னும் பெயர் நாடெங்கும் மிகுதியாக உள்ளது. 1651 இல் வூஸ்டர்ப் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ், பாஸ்கபல் என்னுமிடத்தில் ஓக் மரம் ஒன்றில் ஒளிந்து உயிர் தப்பிய செய்தியை அப்பெயர் நினைவூட்டும். படம் வரைந்த பலகை, எழுத்தறியாதார்க்கும் கதையை உணர்த்தி நின்றது.

3. கல்லே சான்று: மேபோல் விடுதி

'பார்னபி ரட்ஜ்' நாவலின் தொடக்கம் ஒரு விடுதியைப் பற்றிய வருணனையாகும். எப்பிங் காட்டின் ஓரத்தில், இலண்டனிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு கல் தொலைவில், 'மேபோல்' என்னும் பழைய விடுதி இருப்பதாகவும், காலம் 1775 ஆம் ஆண்டு என்றும் டிக்கன்ஸ் கூறுகிறார். சிக்வெல் ஊரில் இருந்த 'கிங்ஸ் ஹெட்' என்னும் விடுதியே இதற்கு மூலம் என்பது அறிஞர் கண்ட முடிவு.

அவ்விடுதியைப் பற்றி ஊரார் ஒரு கதை சொல்கின்றனர். எலிசபெத்து அரசியார் வேட்டைக்கு வந்தபோது அங்கு ஓர் இரவு தங்கினாராம். மறுநாட் காலை, வாயிலில் இருந்த குதிரையேறு கல்லின்மேல் நின்று அங்கவடியில் ஒரு காலை வைத்தவாறே, பணியில் தவறிய சிறு பணியாளன் ஒருவனை அறைந்தாராம். இக்கதையை ஐயுற்றவர் சிலர் அவ்வூரிலும் இருந்தனர். ஐயம் எழும்போதெல்லாம் விடுதிக்காரர் அக்கல்லைச் சுட்டிக் காட்டுவார். கல் இன்றும் அவ்விடத்திலேயே இருக்கிறதே என்பார். அவ்வளவில் ஐயுற்றவர் வாயடங்குவர். பெரும்பான்மையோர் வெற்றி கொண்டாடுவர்.

இங்குள்ள அளவை முறையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கல் இருப்பது உண்மை. அக்கல் குதிரையேறப் பயன்பட்டது என்பதும் உண்மையாகலாம். எனினும் கல்லின் இருப்பு, அதன்மேல் அரசியார் நின்றமைக்குச் சான்றாகாது. கதை கல்லுக்கு விளக்கம் தருகிறது. கல் கதைக்கு உறுதி தருகிறது. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்விரண்டிற்கும் வெளியே மூன்றாவது சான்று யாதும் இல்லை. இதனைக் கண்டு நாம் நகைக்கிறோம். டிக்கன்ஸ் அந்நகையோடு நின்றுவிட்டார் என்று கருதுவதே வழக்கமான பிழை. அதே அதிகாரத்தில் அவர் இரண்டாம் கதை ஒன்றை வைக்கிறார். அது நகைக்கு உரியதன்று.

ஊர்த் தேவாலய எழுத்தராகிய சாலமன் டெய்சி என்பவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்ச்சுத் திங்கள் 19 ஆம் நாள், அருகிலுள்ள 'வாரன்' மாளிகையில் நடந்த கொலையைக் கூறுகிறார். அக்கதை அவ்விடுதிக்கு உரிய உடைமை என்றும், அக்கூரையின்கீழ் டெய்சியைத் தவிர வேறு எவரும் அதனைச் சொல்லியதில்லை, சொல்லப் போவதுமில்லை என்றும் விடுதிக்காரர் ஜான் வில்லெட் பெருமிதத்தோடு மொழிகிறார். கதைக்கு உரிமையாளர் உண்டு, இடம் உண்டு, சொல்லும் முறை உண்டு என்னும் வாய்மொழி மரபின் இயல்பு இங்கு ஒரு தொடரில் அடங்கிவிடுகிறது.

அக்கதையின்படி, மாளிகையின் தலைவர் கொல்லப்பட்டார். காரியக்காரனும் தோட்டக்காரனும் காணாமற் போயினர். சில திங்கள் கழித்து, மாளிகை வளாகத்து நீர்நிலையின் அடியில் ஓர் உடல் கிடைத்தது. முகம் அறிய இயலாத நிலையில், உடையையும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கொண்டு அது காரியக்காரன் உடலே என்று துணிந்தனர். ஆகவே தோட்டக்காரனே கொலைஞன் என்பது ஊரார் முடிவு.

இம்முடிவு தவறு. கொலை செய்தவன் காரியக்காரனே. தன் உடைமைகளைத் தோட்டக்காரன் உடலுக்கு அணிவித்துவிட்டு அவன் தப்பினான். டெய்சி கதை சொல்லும் அவ்விரவில், நெருப்பருகே முகத்தை மறைத்து அமர்ந்து கேட்கும் அயலான் அவனே! விடுதியின் கதை பொய். அதன் மெய்யை அறிந்தவன் கேட்போருள் ஒருவனாய் வாய்மூடி இருக்கிறான். இக்காட்சி அமைப்பின் நுட்பம் இதுவாகும். முதற் கதையில் கல்லைச் சான்றாகக் கொண்டமை நகைக்கத் தக்கதாயிருந்தது; இரண்டாம் கதையில் கடிகாரத்தையும் மோதிரத்தையும் சான்றாகக் கொண்டமை ஒருவன் பெயரைக் கெடுத்து மற்றொருவனைக் காத்துவிட்டது. தவறு ஒன்றே, விளைவே வேறு.

இதன் தொடர்ச்சியும் நோக்கத்தக்கது. 1780 ஆம் ஆண்டு அதே மார்ச்சு 19 ஆம் நாளிரவு, தேவாலயக் கடிகாரத்திற்கு முறுக்கேற்றச் சென்ற டெய்சி, கொலையுண்டதாகத் தாமே சொல்லிவந்த மனிதனைக் காண்கிறார். ஆவியைக் கண்டதாக நடுங்குகிறார். உயிருள்ளவனை ஆவியாக்கியது யாது? அவர் சொன்ன கதையே ஆகும். இறந்தான் என்னும் முடிவு உறுதிப்பட்டபின், எதிரே வந்தவன் ஆவியாகத்தான் இருத்தல் இயலும். பிழையான சான்றிலிருந்து பேய்க்கதை பிறக்கும் முறையை இதனினும் தெளிவாகக் காட்டிய நாவல் பகுதி அரிது.

4. ஹோலிவெல் ஊர்க் கல்

நாவலிலிருந்து மெய்யான ஊர் ஒன்றிற்கு வருவோம். கேம்பிரிட்ஜ்சயர்ப் பகுதியில் கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் ஹோலிவெல் என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள 'ஓல்ட் ஃபெரி போட்' என்னும் விடுதி நாட்டின் மிகப் பழைய விடுதிகளுள் ஒன்றாகத் தன்னைக் கூறிக்கொள்வது. அதன் தரையில் பதிந்துள்ள கற்பலகை ஒன்றை ஜூலியட் என்னும் பெண்ணின் கல்லறை என்பர். கி.பி. 1050 ஐ ஒட்டி வாழ்ந்த அவள், மரம் வெட்டும் தொழிலன் ஒருவனைக் காதலித்து, அவன் புறக்கணிக்கவே தூக்கிட்டு மாண்டாள் என்பதும், ஆண்டுதோறும் மார்ச்சு 17 ஆம் நாள் அவள் ஆவி உலவும் என்பதும் கதை.

கதையைத் தன் சொற்களாலேயே சோதிப்போம். ஜூலியட் என்பது பிரெஞ்சு மொழியின் சிறுமைப் பொருள் விகுதி அமைந்த பெயர் வடிவம். நார்மானியர் இங்கிலாந்தை வென்றது 1066 இல். அதற்கு முற்பட்ட சதுப்புநிலச் சிற்றூர்ப் பெண் ஒருத்திக்கு இப்பெயர் அமைந்திருத்தல் பொருந்தாது. காதலுக்காக உயிர்விட்ட ஜூலியட் என்றவுடன் யாவர்க்கும் நினைவு வருவது சேக்சுபியரின் நாடகமே. அது 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. ஆகவே இன்று வழங்கும் வடிவில் இக்கதை, அது கூறும் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பது தெளிவு.

இம்மட்டில் நிறுத்துவது வரலாற்றாய்வு. திறனாய்வு இன்னும் ஓரடி செல்லுதல் வேண்டும். கல்லறை ஏன் தேவாலய வளாகத்தில் இல்லை என்று கேட்போம். தற்கொலை செய்துகொண்டார்க்குத் திருநிலத்தில் அடக்கம் மறுத்தலும், அவரை வழிகள் கூடும் இடத்திற் புதைத்தலும் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்த வழக்கங்கள். வழிச்சந்தியிற் புதைக்கும் வழக்கை 1823 ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்தது. ஆற்றைக் கடக்கும் துறையருகே தனித்துக் கிடந்த ஒரு கல்லுக்கு ஊரார் விளக்கம் தேடியபோது, இக்கொடிய வழக்கின் நினைவு அவர்க்கு உதவியிருத்தல் கூடும். ஜூலியட் என்னும் பெண் வாழ்ந்திலள் என்றே கொள்வோம். திருநிலம் மறுக்கப்பட்டவர் பலர் வாழ்ந்தனர் என்பது மெய். அவர்களைப் பற்றிய நினைவு, பெயரைப் பிழையாகக் கொண்டு, இக்கல்லில் தங்கியுள்ளது. கதையைப் பொய் என்று ஒரே சொல்லால் தள்ளுவோர் இந்நினைவையும் உடன் தள்ளிவிடுகின்றனர்.

5. ரெயின்போவில் ஓர் இரவு

'சைலஸ் மார்னர்' நாவலின் ஆறாம், ஏழாம், எட்டாம் அதிகாரங்களை ஒருங்கு வைத்துக் காணல் வேண்டும். ரேவலோ என்னும் ஊரின் மதுச்சாலை 'ரெயின்போ'. ஊர்ப் பெரியவர்கள் அவ்விரவில் ஒரு விருந்துக்குச் சென்றுவிட்டமையால் அவர்க்குரிய கூடம் இருண்டு கிடக்கிறது. சமையற்கூடத்தில் எளியோர் கூடியுள்ளனர். அங்கும் வரிசை உண்டு: சாராய வகை பருகுவோர் நெருப்பருகே அமர்வர்; பீர் பருகும் உழைப்பாளர் சற்றுத் தள்ளி அமர்வர். பேச்சு மெல்லத் தொடங்குகிறது. இறைச்சிக் கடைக்காரரும் மாட்டு வைத்தியமும் பார்க்கும் கொல்லரும் ஒரு பசுவைப் பற்றி வழக்கிடுகின்றனர். மதுச்சாலைக்காரர் சினெல் இருவர் கூற்றும் சரியே, இருவர் கூற்றும் தவறே என்று நடுநிலை கூறுகிறார். உரிமம் பெற்றுத் தொழில் நடத்துவார்க்கு இந்நடுநிலை இயல்பும் தேவையுமாகும்.

பின்னர், தேவாலய எழுத்தரும் தையற்காரருமாகிய முதியவர் மேசி, பழைய திருமணம் ஒன்றில் பாதிரியார் சொற்களை மாற்றிச் சொன்ன கதையைக் கூறுகிறார். கேட்போர் யாவரும் இதனைப் பன்முறை கேட்டவர். எனினும் பழகிய இசையைக் கேட்பார்போல் கேட்கின்றனர். எங்குக் கேள்வி கேட்க வேண்டுமோ அங்குக் கேட்கின்றனர். எங்குப் புகைக்குழலை வாயினின்று எடுக்க வேண்டுமோ அங்கு எடுக்கின்றனர். டிக்கன்ஸ் கண்ட கதை ஒருவர்க்கு உடைமை. எலியட் கண்ட கதை பலர் கூடி நிகழ்த்தும் செயல். இவ்விரு பேராசிரியரும் கதை சொல்லும் பொறுப்பைத் தேவாலய எழுத்தரிடமே ஒப்படைத்தமையும், பேய் உலவும் மாளிகைக்கு ஒருவர் 'வாரன்' என்றும் மற்றவர் 'வாரன்ஸ்' என்றும் பெயரிட்டமையும் கருதத்தக்கன. எழுதிய பதிவேட்டைக் காப்பவரே எழுதாக் கதையையும் காக்கிறார் என்பது முதற் செய்தியால் விளங்கும். இரண்டாவது ஒற்றுமை கொண்டு ஒருவர் மற்றவரைப் பின்பற்றினார் என்று துணிதல் கூடாது.

மேசியின் கதை பேயில் வந்து முடிகிறது. கொல்லர் மறுக்கிறார், பத்துப் பவுன் பந்தயம் கட்டுகிறார், பேய் உண்டாயின் வெளிப்பட வரட்டும் என்கிறார். சினெல் கூறும் விடை நுண்ணியது: கடுமையான நாற்றமுடைய பாலாடைக் கட்டியையும் தம் மனைவியால் முகர்ந்தறிய இயலாது, அதுபோலச் சிலர்க்குப் பேய் புலப்படாது. ஐயமுற்றவனை வெளியேற்றாமல் அவையிலேயே இருத்திக்கொள்ளும் விடை இது. ஐயமுடையான் ஒருவன் இல்லாத அவையில் பேய்க்கதை சிறவாது. அவன் மறுப்பே கதைக்கு உயிரூட்டுகிறது.

அந்நிலையில் வெளுத்த முகத்தோடு சைலஸ் மார்னர் உள்ளே வந்து நிற்கிறான். கொல்லர் உட்பட யாவரும் அவனைப் பேய் என்றே ஒரு கணம் மயங்குகின்றனர். அவனோ தன் பொன் முழுவதும் திருடுபோன துயரோடு வந்தவன். வந்தவுடன் அகழெலி பிடிப்போனாகிய ஜெம் ராட்னி மீது குற்றம் சாட்டுகிறான்.

இவ்விடத்தில் அவையின் போக்கு முற்றும் மாறுவதைக் காண்க. சற்றுமுன் பேய்க்குச் சான்று வேண்டாதிருந்த அதே மக்கள், திருட்டுக்குச் சான்று கேட்கின்றனர். ஜெம் மாலை முதல் இங்கேயே அமர்ந்து குடித்துக்கொண்டிருந்தான் என்று சினெல் உறுதி கூறுகிறார். குற்றமற்றவனைக் குற்றஞ்சாட்டுதல் தகாது என்று மேசி எடுத்துரைக்கிறார். கூடிப் பேசிய அவ்விரவே ஒருவனுக்கு அரணாயிற்று. கதைக் களமே சான்றுக் களமும் ஆயிற்று.

சைலஸின் முன்வரலாறு நினைவிலிருப்பின் இதன் ஆழம் விளங்கும். லாண்டர்ன் யார்டு என்னும் இடத்தில் அவன் சார்ந்திருந்த சபையார், திருட்டு நடந்த இடத்தில் அவன் கத்தி கிடந்ததைக் கண்டு அவனை ஐயுற்றனர். திருவுளச்சீட்டு இட்டுக் குற்றவாளி என்று துணிந்தனர். கத்தியை அங்கு வைத்தவன் அவன் நண்பனே. இறைவழிபாட்டுச் சபை பொருளையும் சீட்டையும் நம்பி நிரபராதியைத் தள்ளியது. மதுச்சாலை அவை மனிதர் கூற்றை நம்பி நிரபராதியைக் காத்தது. மேசியின் சொற்கேட்ட சைலஸ், தான் பட்டதையே பிறனுக்குச் செய்யத் துணிந்தமை உணர்ந்து குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறான். அவன் மீண்டும் மனிதரோடு சேரும் முதல் அடி இங்கே வைக்கப்படுகிறது. இதனை வெறும் நகைச்சுவைக் காட்சி என்று சொல்லுதல் நாவலின் நடுநரம்பை அறுப்பதாகும்.

6. தோட்டின் பிறப்பு

மதுச்சாலை அவையை எலியட் குறையற்றதாகக் காட்டவில்லை. எட்டாம் அதிகாரத்தில் தீமூட்டுப் பெட்டி ஒன்று கிடைக்கிறது. உடனே, முன்னொரு நாள் வந்துபோன அயலூர்ச் சில்லறை வணிகன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். அவன் காதில் தோடு அணிந்திருந்தானா என்று பாதிரியார் வினவுகிறார். கேள்வியே விடைக்கு விதையாகிறது. கேட்டவர் மனத்தில் தோடணிந்த உருவம் எழுகிறது. விரைவில் கண்ணாடி பொருத்துவோன் மனைவி, பிறைவடிவான பெரிய தோடுகளைக் கண்டதாக உறுதி கூறுகிறாள். வினா, கற்பனை, நினைவு, சான்று என்னும் நான்கு படிகளில் ஒரு கதை சில நாட்களுக்குள் பிறந்துவிட்டது! கொடுங்குற்றம் காணாத ஒரு வணிகன் மேல் விழுகிறது. அவன் அயலூரான், அவனுக்காகப் பேச அந்த அவையில் எவரும் இல்லை. ஜெம்மைக் காத்த முறை அவனைக் காவாமைக்குக் காரணம் இதுவே. உடன் அமர்ந்தவனுக்கு மட்டுமே அவ்வவை நீதி வழங்கும்.

ஒன்று கூட்டி உரைத்தல் வேண்டும். ரெயின்போவில் அவ்விரவு பேசியவர் யாவரும் ஆடவர். பெண் சான்றாளியாக வருமிடத்தில் நகைக்கு இடமாகிறாள். ஹோலிவெல் கதையிலோ பெண் கதைப்பொருளாகிறாள். கதை சொல்லும் உரிமை எவர்க்கு இருந்தது என்னும் வினாவை இவ்வகைக் கதைகளை ஆராய்வார் விடுதல் ஆகாது.

பதினாறு ஆண்டுகள் கழித்துக் கற்குழி நீர் வற்றுகிறது. எலும்புக்கூடும் பொன்னும் வெளிப்படுகின்றன; கடிகாரத்தாலும் சவுக்காலும் அது டன்ஸ்டன் காஸின் உடல் என்று அறியப்படுகிறது. 'பார்னபி ரட்ஜ்' நாவலில் நீரடியில் கிடந்த கடிகாரம் பொய்யுரைத்தது. 'சைலஸ் மார்னர்' நாவலில் நீரடியில் கிடந்த கடிகாரம் மெய்யுரைத்தது. பொருட்சான்று தன்னளவில் மெய்யும் அன்று, பொய்யும் அன்று. அதனைச் சூழ்ந்த மனிதர் கூற்றே அதனைப் பேசச் செய்கிறது. இரு நாவல்களையும் இணைத்துப் படிப்பார்க்குக் கிட்டும் முடிவு இது.

7. நூல் ஈன்ற கதை: ஜமைக்கா விடுதி

இதுகாறும் கூறியவை ஊர்க்கதை நூலுக்குள் சென்ற வழி. நூற்கதை ஊருக்குள் வந்த வழியும் உண்டு. கார்ன்வால் பகுதியில் போட்மின் மேட்டுநிலத்தில், போல்வென்டர் என்னும் சிற்றூரில், 1750 இல் கட்டப்பட்ட 'ஜமைக்கா இன்' உள்ளது. ஜமைக்காத் தீவின் ஆளுநராயிருந்த டிரலானி குடும்பத்தார் தொடர்பால் இப்பெயர் வந்தது என்பர் பெரும்பாலோர். கடத்திவந்த ரம் மதுவால் வந்தது என்பது கதை விரும்புவார் கூற்று. டாப்னே து மோரியர் 1930 இல் அங்குத் தங்கினார். தோழியோடு குதிரையேறி மேட்டுநிலத்தில் வழிதவறிய அவரைக் குதிரைகளே விடுதிக்குத் திரும்பக் கொணர்ந்தன. அப்பட்டறிவிலிருந்து எழுந்த 'ஜமைக்கா இன்' நாவல் 1936 இல் வெளிவந்தது. 1939 இல் திரைப்படமாயிற்று.

நாவலில் விடுதிக்காரனாக வருபவன் ஜாஸ் மெர்லின். அவன் கற்பனைப் பாத்திரம். ஆயினும் இன்று அவ்விடுதியின் தரையில், அவன் கொலையுண்ட இடம் இதுவென்று கூறும் உலோகத் தகடு பதிக்கப்பட்டுள்ளது. வாழாத ஒருவன் மாண்ட இடம் அளந்து குறிக்கப்பட்டுவிட்டது! மேபோல் விடுதியின் கல் கதைக்கு முற்பட்டது. கதை கல்லைத் தேடிச் சென்றது. ஹோலிவெல் கல்லும் அவ்வாறே ஆகலாம். ஜமைக்கா விடுதித் தகடோ கதைக்குப் பிற்பட்டது, கதைக்கென்றே செய்யப்பட்டது. முன்னைய இரண்டையும் பற்றி ஊரார் வழக்கிடலாம். இத்தகட்டைப் பற்றி வழக்கிடுவார் இலர். காண்போர் நகைத்து மகிழ்ந்து செல்வர். ஐயத்திற்கு இடமில்லாத இடத்தில் கதைக்கும் இடமில்லை. அங்கு இருப்பது காட்சிப்பொருள் மட்டுமே. அயலார் காண்பதற்கென நிறுத்தப்பட்ட கதையையும், ஊரார் தம்முள் வழக்கிட்டு வளர்க்கும் கதையையும் வேறுபடுத்தி அறிதல் ஆராய்ச்சியாளர் முதற்கடன்.

8. சாய்ந்த மனை

ஸ்டாஃபர்ட்ஷயரில் ஹிம்லி அருகே 'குரூக்கட் ஹவுஸ்', அதாவது சாய்ந்த மனை, என்று பெயர் பெற்ற மதுச்சாலை ஒன்று இருந்தது. 1765 இல் பண்ணை வீடாகக் கட்டப்பட்டுப் பின்னர் மதுச்சாலையானது. நிலத்தடியில் சுரங்கம் தோண்டியமையால் கட்டடத்தின் ஒருபுறம் ஏறத்தாழ நான்கு அடி தாழ்ந்தது. உள்ளே வைத்த கோலிக்குண்டு மேல்நோக்கி உருளும் என்பது அதன் புகழ். வருவோர் தாமே உருட்டிப் பார்த்தனர், தாமே கண்டனர். சுவரும் சாளரமும் சாய்ந்திருந்தமையால் எது மட்டம் என்று கண் அறியாது மயங்கியது. சான்று கேட்டவர்க்கு அவர் கண்ணே சான்றாயிற்று, அச்சான்றும் பிழையாயிற்று.

2023 ஆகஸ்டு 5 ஆம் நாள் இரவு அக்கட்டடம் தீப்பற்றியது. இரண்டே நாளில் இடித்துத் தள்ளப்பட்டது. உரிய ஒப்புதலின்றி இடிக்கப்பட்டது என்று உள்ளாட்சி மன்றம் கூறிற்று. மீளக் கட்டுமாறு 2024 பிப்ரவரியில் ஆணையிட்டது. மக்கள் இழப்புற்றதாக வருந்தினர்.

அவர்கள் இழந்தது யாது? செங்கல் மட்டுமாயின் மீளக் கட்டுதல் எளிது. கோலிக்குண்டின் வியப்பு மட்டுமாயின் அதனையும் கணக்கிட்டு அமைத்தல் கூடும். அச்சாய்வு சிற்பியின் கைத்திறன் அன்று. நிலத்தடியில் உழைத்த சுரங்கத் தொழிலாளர் விட்டுச்சென்ற தடம். வியப்பைப் பேசிய கதை அவ்வுழைப்பைப் பேசாது விட்டது. கதையின் பின்னே மறைந்த மெய்யை எடுத்துக்காட்டுதல் திறனாய்வாளன் பணி. ஹோலிவெல்லில் திருநிலம் மறுக்கப்பட்டவர். இங்குச் சுரங்கம் தோண்டியவர். இருவரையும் பற்றிய நினைவு அவர்தம் பெயரின்றிக் கதையின் அடியில் கிடக்கிறது. கட்டடம் மீள எழினும், அதன் சாய்வு இனிச் சுரங்கத்தின் தடமாகாது; முன்னைய சாய்வின் படியாகவே அமையும். மேபோல் விடுதியின் கல்லாக இருந்தது, ஜமைக்கா விடுதியின் தகடாக மாறிவிடும் இடர் இங்கு உண்டு.

9. ஒரு தடையும் விடையும்

நாவலில் வரும் காட்சிகளை நாட்டு வழக்கிற்குச் சான்றாகக் கொள்ளலாமோ என்று வினவுவார் உளர். கொள்ளலாகாது என்பதே நம் விடை. ரெயின்போவும் மேபோலும் புனைந்த மனைகள். வாய்மொழி வரலாற்றை அறிய விரும்புவார், சஃபோக் பகுதிச் சிற்றூர் மக்கள் சொல்லக் கேட்டு ஜார்ஜ் எவார்ட் எவன்ஸ் 1956 இல் வெளியிட்ட நூலைப் போன்றவற்றையே நாடுதல் வேண்டும். நாம் நாவலாசிரியர்களைக் களப்பணியாளராகக் கொண்டிலோம். கதையைத் திறனாய்ந்தவராகவே கொண்டோம். கதை எவ்வாறு பிறக்கிறது, எதனைச் சான்றாக்குகிறது, எவரைக் காக்கிறது, எவரைக் கெடுக்கிறது என்று அவர்கள் ஆராய்ந்தனர். அவர்தம் முடிவுகளை மெய்யான மனைகளின் கதைகளோடு உரசிப் பார்த்தோம்.

அவ்விருவருள் எலியட்டின் நோக்கே ஆழமுடையது என்பதும் ஈண்டுச் சொல்லற்பாலது. டிக்கன்ஸ் சிற்றூராரின் மந்தபுத்தியை நகைப்பதில் இன்பம் காண்கிறார். ஜான் வில்லெட் இறுதிவரை நகைப்பொருளாகவே நிற்கிறார். எலியட்டும் நகைக்கிறார், ஆயினும் நகைக்கப்பட்டவரே நீதி வழங்கும் ஒரு கணத்தை அவர் விட்டுவிடவில்லை.

10. முடிவுரை

மதுச்சாலைக் கதைகளை முற்றும் நம்புதலும் முற்றும் தள்ளுதலும் ஒருதன்மைப்பட்ட பிழைகளே. இரண்டும் கதையை ஆராயாமல் விடுகின்றன. கதை கூறும் செய்தி மெய்யா என்று கேட்டபின், மூன்று வினாக்கள் எஞ்சி நிற்கும்: அக்கதை எப்பொருளைச் சான்றாகக் காட்டுகிறது, அதனைச் சொல்லவும் மறுக்கவும் உரிமையுடையார் யாவர், அது யாரை மறந்து நிற்கிறது. இம்மூன்றையும் கேட்பார்க்குக் குதிரையேறு கல்லும் கற்பலகையும் கோலிக்குண்டும் தாம் அறிந்ததைச் சொல்லும்.

ரெயின்போவில் அகழெலி பிடிப்போன் ஒருவன் காக்கப்பட்டான். அயலூர் வணிகன் காக்கப்படவில்லை. நெருப்பருகே இடம் பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் உள்ள வேறுபாடு அது. வாய்மொழிக் கதைகளை ஆராயப் புகும் மாணவர், கதை சொன்னவரோடு, அக்கதை சொல்லப்பட்ட மனைக்குள் இடம் பெறாதாரையும் நினைவிற் கொள்வாராக.